போர்க்காலத்து அரசுகளும் அவற்றின் பிரதிநிதிகளும்

திருப்பதியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு



யுத்தம் நடந்துகொண்டிருக்கும் காலத்தில் ஓர் அரசாங்கம், தன் சார்பில் பேசுவதற்கென்று தொலைவிடத்துக்கு அனுப்பிவைத்த பிரதிநிதிகளோடு எவ்வாறு கடிதம் எழுதிக்கொண்டது, அக்கடிதங்களால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த காலத்தில், பதின்மூன்று மாநிலங்களின் அரசாங்கங்கள் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸில் அமர்ந்திருந்த தத்தம் பிரதிநிதிகளுக்கு எழுதிய கடிதங்களும், அவர்கள் எழுதிய மறுமொழிகளும் அந்நாட்டாரால் தொகுதி தொகுதியாகப் பதிப்பிக்கப்பட்டுச் சரித்திர மாணவர்களால் இன்றும் பயிலப்பட்டு வருகின்றன. அதே ஆண்டுகளில், அதே உலக யுத்தத்தின் ஒரு கிளையாகச் சித்தூர், சந்திரகிரி, ஆர்க்காடு, வேலூர் என்னும் நம்முடைய சீமையில் நடந்த போரிலும் இவ்வகைக் கடிதங்கள் ஏராளமாக எழுதப்பட்டன என்பதையும், அவற்றை நாம் இன்னும் உரிய சிரத்தையோடு படிக்கவில்லை என்பதையும் எண்ணியே இதை இங்கே பேசத் துணிந்தேன்.

யுத்தமும் கடிதமும் இந்தச் சீமைக்குப் புதியவை அல்ல. 1740ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமல்செருவுக் கணவாயில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி மராத்தியரோடு பொருது மாண்ட செய்தி புதுச்சேரிக்கு எட்டியதும், நவாபின் குடும்பத்தார் அங்கே அடைக்கலம் தேடி வந்ததும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொடங்கிய காலத்துச் சம்பவங்கள். எந்த ஊரிலிருந்து யாருக்குக் காகிதம் வந்தது, அதில் என்ன கண்டிருந்தது, அதைக் கேட்டவர் முகம் எப்படி மாறியது என்று நாள்தோறும் எழுதிவைத்த அப்பெருமகனாரை, போர்க்காலக் கடிதங்களின் போக்கை உள்ளிருந்து கண்ட முதல் தமிழ்ச் சாட்சி என்று நான் கருதுகிறேன். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் திருமலைக் கோயிலின் வருமானமே யுத்தச் செலவுக்கு ஈடாயிற்று. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி தாம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குப் பட்ட கடனுக்காக இக்கோயிலின் வரும்படியை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். பக்தர் உண்டியலில் இட்ட காணிக்கை சிப்பாயின் சம்பளமாக மாறிய அந்நாள் முதல், திருப்பதியில் நடப்பது சென்னைக் கோட்டையின் ஆலோசனைச் சபைக் குறிப்புகளில் ஏறத் தொடங்கிற்று.

இனி, நான் விரித்துரைக்க விரும்பும் யுத்தத்துக்கு வருகிறேன். 1780ஆம் ஆண்டு ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி பெரும்படையோடு மலைக் கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் ஆங்கிலேயரான கர்னல் பெய்லியின் படை அழிந்தது. நவம்பரில் ஆர்க்காடு வீழ்ந்தது. மறு ஆண்டு நவம்பரில், முற்றுகையில் வாடிய வேலூருக்குத் தானியம் சேர்க்கும் அவசரத்தில், ஆங்கிலச் சேனாதிபதி சர் அயர் கூட் சித்தூர்க் கோட்டையைப் பிடித்தார். நெடுநாள் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. 1782இல் சந்திரகிரிக் கோட்டை ஹைதரிடம் சரணடைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் வீசிய புயலில் அரிசி ஏற்றிய கலங்கள் பல மூழ்கின, பஞ்சம் கொடுமையாயிற்று. இத்தனை நெருக்கடிக்கும் நடுவில், அந்த டிசம்பர் மாதம் 7ஆம் நாள், சித்தூருக்கு அருகேயுள்ள நரசிங்கராயன்பேட்டையில், முதுகில் தோன்றிய ராஜபிளவையால் ஹைதர் அலி தம் பாளையத்திலேயே காலமானார்.

அவருக்குப் பின் பட்டத்துக்குரிய மகன் திப்பு அப்போது மேற்குக் கரையில் பொன்னானிப் பக்கம் போர் செய்துகொண்டிருந்தார். எண்பதாயிரம் தொண்ணூறாயிரம் பேர் கொண்டதென்று அக்காலத்தார் மதிப்பிட்ட சேனை ஒன்று, தலைவன் இல்லை என்று தெரிந்த மறுகணமே சிதறிப்போகும். உறவினர் சிலர் வேறொரு பிள்ளையைப் பட்டத்தில் ஏற்றவும் சதி செய்வர். இந்த அபாயத்தை உணர்ந்த அமைச்சர்கள் பூர்ணையாவும் கிருஷ்ணராவும், ஹைதரின் உடலை வாசனைத் திரவியங்களிட்ட பெட்டியில் வைத்து, பொக்கிஷம் போகிறது என்று தோன்றும்படி கோலாருக்கு அனுப்பிவிட்டு, நவாபு நோயாயிருக்கிறார் என்ற நிலையிலேயே பாளையத்தின் காரியங்களை முன்போல நடத்திவந்தார்கள். திப்புவுக்கு அவர்கள் அனுப்பிய கடிதம் நான்கைந்து நாள்களுக்குள் சேர்ந்தது. அக்காலத்துப் பாதைகளையும் ஆறுகளையும் எண்ணினால் இவ்வேகம் வியப்புக்குரியது. அஞ்சியபடியே எழுந்த சதி வெளிப்பட்டது, அடக்கப்பட்டது. புத்தாண்டு பிறந்த சமயத்தில் திப்பு வந்து சேனையின் தலைமையை ஏற்றார். ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைந்த காலம், அரசன் இல்லாத ஓர் அரசாங்கம், ஒரு கடிதத்தின்மேலும் இரண்டு மந்திரிகளின் விசுவாசத்தின்மேலும் நின்றது.

அதே வேளையில் சென்னையில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஹைதர் மாண்டார் என்ற செய்தி கோட்டைக்கு எட்டியதும், கவர்னர் மக்கார்ட்டினி பிரபு சேனாதிபதி ஜெனரல் ஸ்டூவர்ட்டை உடனே புறப்படும்படி வற்புறுத்தினார். ஹைதர் மாண்டதைத் தாம் நம்பவில்லை என்றும், மாண்டிருந்தாலும் சேனை தக்க காலத்தில் ஆயத்தமாகும் என்றும் ஸ்டூவர்ட் மறுமொழி சொன்னார். இருவரும் ஒரே ஊரில் இருந்தவர்கள். கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து எழுத்தில் சண்டையிட்டார்கள். சித்தூருக்கும் பொன்னானிக்கும் இடையே நாடளாவிய தொலைவு இருந்தும் மைசூரார் காரியம் ஒரே மனத்தோடு நடந்தது. கடிதம் தாமதப்படுவதற்குத் தொலைவு ஒன்றே காரணமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன். அவ்விருவரின் பகை முற்றி, 1783 செப்டம்பரில் ஸ்டூவர்ட் பதவி நீக்கப்பட்டுச் சிறைப்படுத்தப்பட்டார். 1786இல் லண்டனில் இருவரும் கைத்துப்பாக்கிகளோடு எதிரெதிர் நின்று துவந்த யுத்தமே செய்தார்கள்.

சென்னை அரசாங்கத்தின் துன்பம் இவ்வளவோடு நிற்கவில்லை. 1773ஆம் ஆண்டுச் சட்டப்படி, யுத்தம் தொடங்கவும் சமாதானம் செய்யவும் வங்காளத்துக் கவர்னர் ஜெனரலின் இசைவை அது பெற வேண்டியிருந்தது. கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் இருந்தார். நவாபு முகம்மது அலி இந்நிலைமையை நன்கு உணர்ந்து, சென்னையைத் தாண்டித் தம் திவான் ஆசிம் கானையும் சலிவன் என்னும் ஆங்கிலேயரையும் 1781இல் நேரே கல்கத்தாவுக்குத் தம் பிரதிநிதிகளாக அனுப்பி, தமக்கு அனுகூலமான ஓர் உடன்படிக்கையைச் செய்துகொண்டார். ஒரு சிற்றரசு தன் மேலுள்ள அரசைக் கடந்து அதற்கும் மேலுள்ள சபையில் தன் ஆட்களை வைத்துக்கொள்ளும் தந்திரம் இது. மக்கார்ட்டினியோ அவ்வாண்டு டிசம்பரில் நவாபிடமிருந்தே கர்நாடகத்து வரி வசூலைக் கம்பெனியின் பொறுப்பில் எழுதி வாங்கினார். பின்னர் அதைத் திருப்பிக் கொடுக்கும்படி ஹேஸ்டிங்ஸ் எழுதிய கட்டளைக்கு அவர் பணியவில்லை. மாகாணத்தின் அரிசியும் சம்பளப் பணமும் எங்கிருந்து வருகின்றன என்பது மாகாணத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. நான் அவரைக் குறையற்றவர் என்று சொல்லவில்லை. இவ்விஷயத்தில் நியாயம் அவர் பக்கமே இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சமாதான விவகாரத்திலும் இதே பிணக்கு. மராத்தியரோடு ஹேஸ்டிங்ஸ் செய்த 1782ஆம் ஆண்டு சால்பாய் உடன்படிக்கையில், ஹைதர் கர்நாடகத்தில் பிடித்த இடங்களை விட்டுவிடச் செய்வது என்ற நிபந்தனையும் இருந்தது. அதுவே போதும், திப்புவோடு தனி உடன்படிக்கை வேண்டுவதில்லை என்பது வங்காளத்தின் எண்ணம். பூனாவில் மராத்தியரின் அமைச்சர் நானா பட்னவீஸோ ஹைதரின் பலத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு அவ்வுடன்படிக்கையை உறுதிசெய்யாமலே மாதக்கணக்கில் இழுத்து வந்து, நரசிங்கராயன்பேட்டையில் ஹைதர் கண்மூடிய அதே டிசம்பரில்தான் அதற்கு முத்திரை வைத்தார். அதற்குமேல், 1783 ஜூனில் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சமாதானம் ஏற்பட்ட செய்தி சென்னைக்கு வந்து, கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை போரை நிறுத்திற்று. அந்தச் சமாதானத்தின் பூர்வாங்க ஒப்பந்தம் ஜனவரியில் எழுதப்பட்டது. அது கடல் கடந்து வந்த ஐந்து மாதங்களில் கடலூர் முற்றுகையில் மாண்டவர்கள், ஒரு தபால் தாமதத்தால் மாண்டவர்கள்.

இந்நிலையில் திப்புவின் வக்கீல்களான அப்பாஜிராமும் ஸ்ரீநிவாசராவும் சென்னைக்கு வந்து பேசினார்கள். 1783 நவம்பரில் சென்னை அரசாங்கம் ஆந்தனி சாட்லியரையும் ஜார்ஜ் ஸ்டான்டனையும் திப்புவிடம் சமாதானம் பேசக் கமிஷனர்களாக அனுப்பிற்று. ஸ்டான்டன் கவர்னரின் நம்பிக்கைக்குரிய காரியதரிசி; ஜெனரல் ஸ்டூவர்ட்டைச் சிறைபிடித்தவரும் அவரே. சாட்லியர் ஆலோசனைச் சபையில் உயர்ந்த இடம் வகித்தவர். ஒருவரை மற்றொருவருக்குக் கீழ்ப்படுத்தாமல், சம அதிகாரத்தோடு இருவரை அனுப்பியதே முதற்பிழை. வழியிலேயே அவர்கள் அபிப்பிராயம் வேறுபட்டது. பிடித்த இடங்களை முதலில் விடுவதா, கைதிகளை முதலில் மீட்பதா என்பது போன்ற விவாதங்களில் இருவரும் தனித்தனியே தம் தம் கருத்தை விரிவாக எழுதிச் சென்னைக்கு அனுப்ப, சென்னை மூன்றாவதாக ஜான் ஹடில்ஸ்டனை அனுப்பிப் பெரும்பான்மை ஏற்படச் செய்தது. நட்டாற்றில் இரு துடுப்புக்காரர் சச்சரவிட்டதைக் கண்டு கரையிலிருந்து மூன்றாவது ஆளை நீந்தவிட்டது போலாயிற்று.

இவர்கள் போன பாதை பகைவனுடைய நாட்டின் வழியாக. எந்த ஊரில் தங்குவது, எந்த வழியில் போவது என்பன திப்புவின் ஆட்கள் விட்டபடியே நடந்தன, கடிதங்களும் அவ்வாறே. தபால்காரன் நிறுத்தப்பட்டான், போன கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது, மங்களூர்க் கோட்டைக்குள் திப்புவின் முற்றுகையில் பட்டினி கிடந்த ஆங்கிலக் கர்னல் காம்ப்பெல்லின் படையோடு தொடர்பே கிடையாது. மொழி அறிந்தவராய், ஹைதராலும் மதிக்கப்பட்டவராய் இருந்த தஞ்சாவூர்ப் பாதிரியார் சுவார்ட்ஸ் இக்கமிஷனுக்குத் துணையாகப் புறப்பட்டபோது, சத்தியமங்கலத்துக்கு மேல் அவரைப் போகவிடவில்லை. 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சென்று ஹைதரோடு நேரே பேசி வந்தவர் அவர். தமிழ் பேசத் தெரிந்த, இரு கட்சியாரும் பொய்யன் என்று கருதாத ஒரு மனிதரை இழந்து கமிஷனர்கள் போனது பெரிய நஷ்டம்.

கட்டளைகளின் குழப்பத்துக்கு மிகுந்த விலை கொடுத்தவர் கர்னல் புல்லார்ட்டன். தென்னாட்டுப் படையோடு மேற்கே சென்ற அவர் 1783 நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டையையும், அதன்பின் கோயம்புத்தூரையும் பிடித்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வழி திறந்துவிட்டது என்று எண்ணி ஆயத்தம் செய்துகொண்டிருந்த நேரத்தில், பிடித்த இடங்களை விட்டுத் திரும்பு என்ற கட்டளை வந்தது. அவர் திரும்பத் தொடங்கிய பின்னர், விடாமல் வைத்திரு என்ற மறுகட்டளை வந்தது. சென்னை ஒன்று நினைத்தது, கமிஷனர்கள் ஒன்று எழுதினார்கள், இரண்டுக்கும் இடையே வாரங்கள் கழிந்தன. தம் குறைகளையெல்லாம் அவர் 1787இல் அச்சிட்ட புத்தகத்தில் மக்கார்ட்டினிக்கும் அவர் சபைக்கும் எழுதிய நீண்ட கடிதமாகவே வெளியிட்டார். படையோடு நடந்தவன் எழுதியதாகையால், கோட்டைக்குள் உட்கார்ந்தவர்கள் எழுதிய குறிப்புகளில் இல்லாத உண்மை அதில் உண்டு. உடன் நடந்த சிப்பாய்களின் சம்பளப் பாக்கியையும் சோற்றையும் பற்றி அவர் எழுதுவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கமிஷனர்கள் மங்களூரை அடைவதற்குச் சில நாள்கள் முன்னே, 1784 ஜனவரி இறுதியில், காம்ப்பெல் கோட்டையை ஒப்படைத்துவிட்டார். மார்ச் 11ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்த இடங்கள் பரஸ்பரம் திருப்பித் தரப்பட வேண்டும். கைதிகள் விடுவிக்கப்பட வேண்டும். ஆம்பூரும் சாத்கரும் மட்டும் கைதிகள் விடுதலையாகும்வரை திப்புவின் வசம் இருக்கும். உடன்படிக்கையில் நவாபின் பெயர் சேர்க்கப்படவில்லை என்று ஹேஸ்டிங்ஸ் ஆட்சேபித்தார். எவருடைய சீமைக்காக நான்கு ஆண்டுகள் ரத்தம் சிந்தப்பட்டதோ அவருடைய பெயர் அப்பத்திரத்தில் இல்லை! இச்சீமையின் குடிகளைப் பற்றியோ, எரிக்கப்பட்ட கிராமங்களைப் பற்றியோ, மைசூருக்கு ஓட்டிச் செல்லப்பட்ட குடும்பங்களைப் பற்றியோ கமிஷனர்களுக்கும் சென்னைக்கும் இடையே நடந்த விவாதம் எத்தனை சொற்பம் என்பதை எண்ணும்போது மனம் நோகிறது.

இப்போது கடலுக்கு அப்பால், அமெரிக்காவைப் பார்ப்போம். ஹைதர் உயிரோடிருந்த காலத்திலேயே அவர் பெயர் அங்கே தெரிந்திருந்தது. 1782இல் பென்சில்வேனியா மாநிலம் தன் வாணிபத்தைக் காக்க ஆயத்தம் செய்த போர்க்கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்றே பெயரிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அது ‘ஜெனரல் மாங்க்’ என்னும் ஆங்கிலக் கப்பலை டெலவேர் விரிகுடாவில் சிறைபிடித்தது. அந்த பென்சில்வேனியாவின் தலைநகரிலேதான் அப்போது காங்கிரஸ் கூடியிருந்தது. 1781 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதிகளின்படி, ஒவ்வொரு மாநிலமும் இரண்டு முதல் ஏழு பிரதிநிதிகளை ஆண்டுதோறும் நியமித்தது. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. வேண்டும்போது திருப்பி அழைத்தது. எத்தனை பேர் இருந்தாலும் மாநிலத்துக்கு ஒரே வாக்கு. ஆகவே பிரதிநிதி தன் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லுமுன் ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்று பார்க்க வேண்டியவனாக இருந்தான்.

1780 டிசம்பரில் வர்ஜீனியாவின் பிரதிநிதிகளான ஜேம்ஸ் மாடிஸனுக்கும் தியோடரிக் பிளாண்டுக்கும் ஒரு கருத்து வேற்றுமை எழுந்தது. மிஸ்ஸிஸிப்பி ஆற்றில் கப்பல் விடும் உரிமையை வற்புறுத்துவதா, ஸ்பெயினின் உதவியைப் பெறுவதற்காக அதை விட்டுக்கொடுப்பதா என்பது கேள்வி. அவர்கள் தனித்தனியே நாட்டு ரகசியத்தைப் பறைசாற்றவில்லை. இருவரும் சேர்ந்தே கவர்னர் தாமஸ் ஜெபர்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதி, தாங்கள் வேறுபடுகிறோம் என்பதை ஒளிக்காமல் கூறி, சட்டசபையின் கட்டளையை வேண்டினார்கள். புத்தாண்டின் தொடக்கத்தில் சட்டசபை, வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம் என்று கட்டளை தந்தது. அது தந்த சில நாள்களுக்குள் ஆங்கிலேயர் பக்கம் போரிட்ட பெனடிக்ட் ஆர்னால்டின் படை, வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டுக்குள் புகுந்து, அரசாங்கத்தைச் சிதற அடித்தது. மாடிஸனுக்கு அந்தக் கட்டளையில் மனம் ஒப்பவில்லை. ஆயினும் காங்கிரஸில் அதற்கிணங்கவே நடந்தார். சாட்லியரையும் ஸ்டான்டனையும் எண்ணிக்கொண்டே இந்தக் கடிதத்தைப் படித்தால், கருத்து வேற்றுமை குற்றமன்று, அதை அரசாங்கத்தின் முன் எப்படி வைக்கிறோம் என்பதே காரியத்தைக் கெடுக்கிறது அல்லது காக்கிறது என்று விளங்கும்.

அங்கும் வழிப்பறி உண்டு. தபால் பை பகைவர் கைக்குப் போவது உண்டு. ஆதலால் வர்ஜீனியப் பிரதிநிதிகள் முக்கியமான வரிகளைச் சங்கேத எண்களில் எழுதினார்கள். சம்பளமோ காலத்தில் வருவதில்லை. 1782இல் மாடிஸன், ஹெய்ம் சாலமன் என்னும் யூத வணிகரிடம் கைமாற்று வாங்கியே நாள் கடத்தினார். அவ்வணிகர் அதற்கு வட்டி கேட்கவில்லை என்று நன்றியோடு நண்பருக்கு எழுதியிருக்கிறார். ஒரு மாநிலம் தன் பெயரால் பேச அனுப்பியவனைப் பட்டினி போட்டுவிட்டு, அவனிடம் நாணயத்தை எதிர்பார்க்கலாமா? வர்ஜீனியாவின் அதிர்ஷ்டம், அந்த ஆள் மாடிஸனாக இருந்தான்.

சரித்திரம் இவ்விரு போர்க்களங்களையும் ஒரே மனிதரில் இணைத்தது. அமெரிக்காவில் யார்க்டவுனில் 1781 அக்டோபர் 19ஆம் நாள் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபு, 1786இல் கவர்னர் ஜெனரலாக வந்தபோது, சேனாதிபதிப் பதவியையும் தாமே வகித்ததோடு, தம் சபையின் பெரும்பான்மையை மீறி நடக்கும் அதிகாரத்தையும் புதிய சட்டத்தால் பெற்றிருந்தார். ஹேஸ்டிங்ஸும் மக்கார்ட்டினியும் ஸ்டூவர்ட்டும் ஒருவருக்கொருவர் எழுதிய மலைபோன்ற கடிதங்களுக்குப் பார்லிமெண்டு கண்ட பரிகாரம் அதுவே. திப்புவோடு மீண்டும் யுத்தம் மூண்டபோது அவர் கமிஷனர் எவரையும் அனுப்பாமல் தாமே சென்னைக்கு வந்து, 1791 பிப்ரவரியில் வேலூர், சித்தூர் வழியாக நடந்து, மொகிலிக் கணவாயில் மலையேறிப் பெங்களூருக்குப் போனார். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாயிலில் சமாதான நிபந்தனைகளை விதித்தவரும் அவரே. விரைவில் இது நடந்தது உண்மை. ஆனால் எதிர்த்துப் பேசவோ வேறுபடவோ ஒருவரும் அருகில் இல்லாத ஓர் அதிகாரத்தின் விரைவு அது. 1801இல் கர்நாடகம் முழுதும் கம்பெனியின் கைக்குப் போனபோது, ஆர்க்காட்டு நவாபின் பிரதிநிதி என்று எவரும் எங்கும் உட்கார்ந்து எழுத வேண்டிய அவசியமே இல்லாமற்போயிற்று.

அதன்பின் இவ்வூரிலிருந்து சென்னைக்குப் போன கடிதங்கள் கலெக்டரின் கடிதங்கள். சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வடஆர்க்காட்டுக் கலெக்டர் ஸ்ட்ராட்டன் 1803இல் திருமலைக் கோயிலின் கட்டளைகளையும் வரவு செலவையும் பற்றி அனுப்பிய அறிக்கையும், 1821இல் கோயில் நிர்வாக விதிகளாக எழுந்த புரூஸ் சட்டமும் அவ்வரிசையைச் சேர்ந்தவை. 1843இல் கோயில் நிர்வாகம் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துக்கு ஒப்படைக்கப்படும்வரை அந்தப் போக்குவரத்து நீடித்தது. யுத்தக் கடனுக்கு ஈடாகத் தொடங்கிய எழுத்து, சமாதான காலத்து நிர்வாக எழுத்தாக எப்படி மாறிற்று என்பதைப் படிப்படியாக அதில் காணலாம்.

இவையெல்லாம் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் ராணுவ ஆலோசனைக் குறிப்புகளாகவும், சுதேச அரசர்களோடு நடந்த கடிதத் தொகுதிகளாகவும் இருக்கின்றன. மக்கார்ட்டினி காலத்துத் தொகுதிகளை எடுத்துவைத்துக்கொண்டு, கமிஷனர்களின் ஒவ்வொரு கடிதமும் எழுதப்பட்ட நாளையும் சென்னையில் படிக்கப்பட்ட நாளையும் இரு பக்கமாக எழுதி, அந்நாளில் சித்தூர்ச் சீமையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை மூன்றாவது பக்கத்தில் சேர்க்கும் வேலையை, தமிழும் தெலுங்கும் பாரசீக எழுத்தும் கற்கும் வாய்ப்புள்ள இவ்வூர் மாணவர் யாரேனும் ஏற்றுக்கொள்வாரானால், அவருக்கு என்னால் இயன்ற உதவி அனைத்தையும் செய்யக் காத்திருக்கிறேன்.